ஞாயிற்றுக்கிழமைக் கறியும் நியாயமான பங்கும்



குடும்பச் செபம், பிள்ளை வளர்ப்பு, திருமணத் தயாரிப்பு எனப் பல பொருள்களைப் பற்றி இப்பகுதியில் சிந்தித்து வருகிறோம். இம்மாதம் அடுக்களைக்குள் நுழைய எண்ணுகிறேன். "சாமிக்கு அடுக்களையில் என்ன வேலை?" என்று தாய்மார்கள் புன்னகை செய்யலாம். குடும்பத்தின் அமைதி குலைவதற்கும் கடன் பெருகுவதற்கும் பல இல்லங்களில் அடுக்களைக் கணக்கே முதற் காரணமாய் இருப்பதை வீடு சந்திப்புகளில் காண்கிறேன். ஆகவே இவ்வேலை எனக்கும் உரியதே.

எங்கள் பெருமாநல்லூர், சேலம்–கோவை நெடுஞ்சாலையும் திருப்பூரிலிருந்து கோபி செல்லும் சாலையும் சந்திக்கும் ஊர். சுற்றிலும் பனியன் கம்பெனிகள். சனிக்கிழமை மாலை வாரச் சம்பளம் கைக்கு வரும். ஞாயிறு காலை கறிக்கடையில் கூட்டம் நிற்கும். ஆறு நாளும் இயந்திரத்தோடு போராடி, ஒன்றரை ஷிப்டு பார்த்து அலுத்த உடல், ஏழாம் நாளில் ஒரு வாய் நல்ல உணவைக் கேட்பதில் தவறேதும் இல்லை. ஓய்வு நாள் விருந்து இறைவனுக்கு உகந்ததே.

ஆனால் ஆட்டுக்கறி கிலோ 800 ரூபாயைத் தாண்டிச் சில ஆண்டுகள் ஆகின்றன. ஐந்து பேர் உள்ள வீட்டில் ஒரு கிலோ எடுத்தால், மசாலும் எண்ணெயும் சேர்த்து ஓராள் சம்பளத்தில் ஒரு நாளுக்கு மேற்பட்ட கூலி ஒரே வேளையில் கரைந்துவிடும். வேலை நிறைந்த காலத்தில் இது தெரிவதில்லை. 2025ஆம் ஆண்டு ஆகஸ்டு 27 முதல் அமெரிக்க நாடு இந்தியப் பொருள்கள் மீது 50 விழுக்காடு வரி விதித்தபோது, ஏற்றுமதியை நம்பிய கம்பெனிகள் பலவற்றில் ஆர்டர் குறைந்தது, ஷிப்டும் குறைந்தது. அத்தகைய நாள்களிலும் சில இல்லங்களில் ஞாயிற்றுக்கிழமைக் கறி மட்டும் குறையவில்லை. கடையில் கணக்கு எழுதி வாங்கினர். அக்கணக்கைத் தீர்க்க வார வட்டிக்குப் பணம் எடுத்தனர். விருந்தினர் வந்தால் கறி வைக்காவிடில் மதிப்புக் குறையும் என்னும் அச்சமே இதற்கு மூலம்.

கறி ஏன் இந்த விலை?

கடைக்காரரைக் குறை கூறுமுன் ஆட்டின் கணக்கைச் சற்றே எண்ணிப் பார்ப்போம். வெள்ளாடு ஐந்து மாதம் சினை சுமந்து ஒன்று அல்லது இரண்டு குட்டி ஈனும். அக்குட்டி கறிக்கேற்ற எடை பெற எட்டு மாதம் முதல் ஓராண்டு வரை ஆகும். நாள்தோறும் மேய்க்க ஓராள் வேண்டும். மேய நிலம் வேண்டும். காங்கயம், தாராபுரம் பக்கங்களில் கிளுவை வேலி கட்டி, கொழுக்கட்டைப் புல் வளர்த்து, இடையிடையே வெள்வேல மரங்களை நிறுத்திக் காத்த மேய்ச்சல் நிலங்களைக் 'கொரங்காடு' என்பர். நம் பக்கத்திலோ மேய்ச்சல் நிலம் பலவும் கம்பெனியாகவும் வீட்டு மனையாகவும் மாறிவிட்டது. உண்போர் பெருகினர், மேய்ப்போர் குறைந்தனர்.

கறிக்கோழியின் கதை வேறு. அது ஆறு வாரத்தில் ஏறத்தாழ இரண்டு கிலோ எடையை எட்டிவிடுகிறது. நிழலில் நின்று அளந்த தீனியைத் தின்று வளர்கிறது. நம் மாவட்டத்துப் பல்லடமும் உடுமலையும் கறிக்கோழிக்கு நாடறிந்த ஊர்கள். உடுமலைப்பேட்டையில் 1984ஆம் ஆண்டு தோன்றிய சுகுணா நிறுவனம், குஞ்சும் தீவனமும் கொடுத்து விவசாயியிடம் வளர்க்கச் செய்யும் ஒப்பந்த முறையைப் பரப்பியவற்றுள் முன்னோடியாகும். ஆதலால் ஒரு கிலோ ஆட்டுக்கறியின் விலைக்கு ஏறத்தாழ மூன்று கிலோ கோழிக்கறி கிடைக்கிறது. ஆட்டுக்கறியின் விலை இனிப் பெரிதும் இறங்கும் என்று எதிர்பார்ப்பதற்கில்லை. நாம்தான் வாங்கும் வகையை மாற்றிக்கொள்ள வேண்டும்.

கடையில் வாங்கும் முறை

தொடைக்கறிக்கே எல்லாரும் முந்துகின்றனர். குழம்புக்கு அது சிறந்ததன்று. கழுத்து, நெஞ்செலும்பு, முன்னங்கால் ஆகியவற்றை எலும்போடு வாங்கி நிதானமாக வேகவிட்டால் சாறு இறங்கும். கால் கிலோவில் கூட ஒரு குடும்பத்துக்குப் போதிய குழம்பு வைக்கலாம். எலும்பு நீக்கிய கறிக்கு விலையும் கூடுதல், குழம்பில் சுவையும் குறைவு. முற்றிய ஆட்டின் கறி சில கடைகளில் மலிவாய்க் கிடைக்கும்; குக்கரில் கூடுதலாக இரண்டு மூன்று விசில் விட்டால் அதுவும் மென்மையாகிவிடும். வெள்ளாட்டுக் கறியில் கொழுப்புக் குறைவு. செம்மறிக் கறியில் மிகுதி. செம்மறிக் கறி வாங்கினால் குழம்புக்கு எண்ணெயைக் குறைத்துக்கொள்க.

தலை, கால், குடல், ஈரல் ஆகியவற்றை ஏழைகளின் உணவென்று ஒதுக்குவோர் உண்டு. நம் பாட்டிமார் இவற்றைக் கொண்டே வீட்டைத் தேற்றினர். காலைத் தீயில் வாட்டிச் சுரண்டிக் கழுவி, மிளகு சீரகம் இட்டுக் கொதிக்கவைத்தால் ரசமாகும். எலும்பின் சுவை சாற்றில் இறங்கும். குடலைத் திருப்பிக் கழுவி, வெந்நீரும் மஞ்சளும் கல்லுப்பும் இட்டு மும்முறை அலசி, சுரைக்காயோ தட்டைப்பயறோ சேர்த்துக் குழம்பு வைத்தால் இரண்டு வேளைக்கு வரும். ஈரலும் சுவரொட்டியும் இரத்தம் ஊறத் துணைபுரியும் இரும்புச்சத்து மிகுந்தவை. ஆயினும் ஈரலில் வைட்டமின் 'ஏ' மிக அதிகமாதலால் கருவுற்ற தாய்மார் மருத்துவரைக் கேளாமல் அதை அடிக்கடி உண்ணலாகாது. மூட்டு வாதத்துக்காக யூரிக் அமிலத்தைக் குறைக்கும்படி மருத்துவர் கூறியிருப்போர் ஈரல், மூளை முதலியவற்றைத் தவிர்ப்பது நன்று.

கூறு போட்டு வாங்குதல்

கிராமங்களில் பலர் சேர்ந்து ஓர் ஆட்டை வாங்கிக் கூறு போட்டுக்கொள்வது பழைய வழக்கம். லைன் வீடுகளில் பத்துக் குடும்பங்கள் ஒரே வளாகத்தில் குடியிருக்கும் நம் ஊருக்கு இம்முறை மிகவும் பொருந்தும். அன்பியக் குடும்பங்கள் விரும்பினால் கிறிஸ்து பிறப்பு, உயிர்ப்புப் பெருவிழாக்களுக்கு இவ்வாறு செய்யலாம்.

கணக்கை மட்டும் முன்கூட்டியே தெளிவாகப் போட்டுக்கொள்க. உயிரோடு 20 கிலோ நிற்கும் ஆட்டில், தோல், தலை, குடல் நீங்கலாக எலும்போடு 9 முதல் 10 கிலோ கறியே தேறும். எடுத்துக்காட்டாக, அவ்வாட்டை 8,000 ரூபாய்க்குப் பேசினால் கறியின் விலை கிலோவுக்கு 800 முதல் 890 ரூபாய் வரை ஆகிறது. வெட்டுக்கூலி வேறு. அதாவது கறியளவில் கடை விலையினின்று பெரிய வேறுபாடு இல்லை. தலை, நான்கு கால், குடல், ஈரல் ஆகியவை தனி விலையின்றிக் கிடைப்பதே ஆதாயம். இவற்றைச் சமைக்கத் தெரிந்த வீடுகள் கூட்டில் இருந்தால்தான் கூறுக்கறி மலிவாகும். மூலனூரை அடுத்த கன்னிவாடி போன்ற ஆட்டுச் சந்தைகளுக்குச் செல்வோர் கண் மதிப்பை மட்டும் நம்பாமல், எடை போட்டு விலை பேசுவது நல்லது. போகவர ஆகும் வண்டி வாடகையையும் கணக்கில் சேர்க்க வேண்டும். உள்ளாட்சி விதிப்படி நடக்கும் ஆட்டுத்தொட்டியிலோ உரிமம் பெற்ற கடையிலோ கொடுத்தே அறுக்கச் செய்க. நோயுற்ற ஆட்டை மலிவென்று வாங்கிப் பத்து வீட்டாரை நோயில் தள்ளும் ஆபத்து இதனால் நீங்கும்.

இம்முறை நமக்குப் புதிதன்று என்பதை விவிலியம் அறிந்தோர் உணர்வர். விடுதலைப் பயண நூலின் பன்னிரண்டாம் அதிகாரத்தைத் திறந்து பாருங்கள். பாஸ்கா ஆட்டைப் பற்றிய கட்டளையில், ஓர் ஆட்டை உண்டு முடிக்க இயலாத சிறிய குடும்பம் அண்டை வீட்டாரோடு சேர்ந்துகொள்ள வேண்டும் என்றும், ஆளுக்கு எவ்வளவு என்று கணக்கிட வேண்டும் என்றும், விடியும்வரை எதையும் மீதி வைக்கலாகாது என்றும் கூறப்பட்டுள்ளது. அடிமைத்தனத்தினின்று விடுதலை பெறப் புறப்பட்ட அம்மக்களின் முதல் விருந்தே கூறுக்கறிதான்! கடன் என்னும் அடிமைத்தனத்தினின்று வெளியேற விரும்பும் நம் குடும்பங்களுக்கும் அது நல்ல பாடம்.

விழாச் செலவுக்கு முன்சேமிப்பும் உதவும். ஆகஸ்டு தொடக்கத்திலிருந்து வாரம் 50 ரூபாய் ஒதுக்கினால், இருபது வாரத்தில் கிறிஸ்து பிறப்பு விழாவுக்குள் 1,000 ரூபாய் சேர்ந்துவிடும். அன்றைய கறிக்கு எவரிடமும் கை நீட்ட வேண்டியதில்லை.

மாற்று உணவுகள்

வாரந்தோறும் ஆட்டுக்கறி என்பதை மாதம் ஒருமுறை என்று குறைத்தால், ஏனைய ஞாயிறுகளுக்கு என் செய்வது? வழிகள் பல உண்டு.

முதலாவது முட்டை. ஒரு முட்டையில் ஏறத்தாழ 6 கிராம் புரதம் உண்டு. எலும்போடு கூடிய அரைக்கிலோ ஆட்டுக்கறியில் உள்ள புரதம் ஒரு டஜன் முட்டையில் கிடைத்துவிடும். விலையோ நான்கில் ஒரு பங்கு. அருகிலுள்ள நாமக்கல் நாடெங்கும் முட்டை அனுப்பும் ஊர். 1982ஆம் ஆண்டு எம்.ஜி.ஆர். ஆட்சியில் விரிவாக்கப்பட்ட சத்துணவுத் திட்டத்தில் பின்னர் முட்டையும் இடம்பெற்றது. பள்ளிப் பிள்ளைகள் அதன் பயனை அறிவர். வெங்காயம் தக்காளி வதக்கி, கறிக்குழம்பு மசாலே அரைத்து, முட்டையை உடைத்து ஊற்றிக் குழம்பு வைத்தால் ஞாயிறு மணம் வீட்டில் குறையாது.

இரண்டாவது கோழி. தேங்காய்ச் சில்லும் சிவப்பு மிளகாயும் போட்டு வதக்கும் பள்ளிபாளையம் முறையில் அரைக்கிலோ கோழி ஐவருக்குப் போதும். தேங்காயே பாதிக் கறியாகிவிடும். நெத்திலிக் கருவாடும் கத்தரிக்காயும் சேர்ந்த குழம்பு மூன்றாவது. கருவாட்டை வெந்நீரில் இருமுறை கழுவி உப்பைப் போக்குக. இரத்தக் கொதிப்பு உள்ளோர் அளவோடு உண்க.

மாட்டுக்கறியும் பன்றிக்கறியும் ஆட்டுக்கறியைவிட மிகவும் மலிவானவை. உண்ணும் வழக்கமுள்ள இல்லங்கள் நன்கு வேகவைத்து உண்ணலாம். உணவில் தீட்டு இல்லை என்பதை யோப்பாவில் பேதுரு கண்ட காட்சி நமக்குக் கற்பித்தது. அதே வேளையில், பிறர் மனம் புண்படாதவாறு உண்பதும் அன்பின் கடமை என்று பவுலடியார் கொரிந்தியருக்கு எழுதினார். பல சமயத்தாரும் ஒரே திண்ணையைப் பகிரும் லைன் வீடுகளில் இவ்விரண்டையும் நினைவில் வைப்போம்.

இனி பயறு வகை. கொள்ளு, பச்சைப்பயறு, தட்டைப்பயறு ஆகியவற்றில் 100 கிராமுக்கு 22 முதல் 24 கிராம் வரை புரதம் உண்டு. சோயா உருண்டையில் இன்னும் மிகுதி. அதை வெந்நீரில் ஊறவைத்துப் பிழிந்து கறி மசாலில் போட்டால் பிள்ளைகள் விரும்பி உண்பர். காளான் கறியைப் போல் சுவைக்கும். ஆயின் அதில் நீரே மிகுதி. கறிக்கு ஈடான புரதம் அதில் இல்லை. அரிசியும் பருப்பும் ஒருங்கே சேரும்போது ஒன்றன் குறையை மற்றொன்று நிறைவு செய்கிறது. நம் கொங்கு நாட்டு அரிசிம்பருப்புச் சாதம் இவ்வுண்மையை அனுபவத்தால் கண்டறிந்த உணவு.

இன்னொரு செய்தியையும் தாய்மார் அறிய வேண்டும். பயறிலும் கீரையிலும் உள்ள இரும்புச்சத்து உடலில் எளிதில் சேர்வதில்லை. அவற்றோடு சிறிது கறியோ மீனோ சேர்ந்தால் நன்றாகச் சேர்கிறது. எலுமிச்சை, நெல்லிக்காய் ஆகியவையும் துணைசெய்யும். உண்டவுடன் தேநீர் அருந்தினால் அச்சத்து வீணாகும். ஒரு மணி நேரமாவது இடைவெளி விடுக. எனவே கால் கிலோ கறியைக் கொத்தி, கொள்ளுடனோ மொச்சையுடனோ சேர்த்துச் சமைப்பது ஏழ்மையின் அடையாளமன்று. ஒரு கிலோ கறியை ஒரே வேளையில் தின்று, ஆறு நாள் வெறும் ரசச் சோறு உண்பதைக் காட்டிலும் அது உடலுக்கு ஏற்றது.

யாருக்கு எவ்வளவு?

இதுவரை கூறியவை வாங்குவதும் சமைப்பதும் பற்றியன. எல்லாவற்றிலும் முதன்மையான செய்தி பரிமாறுவதில் உள்ளது.

ஒரு ஞாயிறு நண்பகலில் ஓர் இல்லத்துக்குச் சென்றிருந்தேன். தந்தையும் இரு மகன்களும் உறவினர் ஒருவரும் உண்டு எழுந்தனர். அடுத்துப் பனியன் கம்பெனியில் செக்கிங் வேலை பார்க்கும் மகள் அமர்ந்தாள். அவளுக்குக் குழம்பும் இரண்டு எலும்பும் கிடைத்தன. தாய் கடைசியில் சட்டியை வழித்துச் சோற்றில் பிசைந்துகொண்டார். "உங்களுக்குக் கறி இல்லையா அம்மா?" என்று கேட்டேன். "எனக்கென்னங்க சாமி, கொழம்பு ஊத்திக்கிட்டாப் போதுமுங்க" என்றார். அந்த வீட்டில் அன்று வாங்கியது ஒரு கிலோ. கறி குறைவாய் இருந்ததால் அவருக்குக் கிடைக்காமல் போகவில்லை.

2019–21ஆம் ஆண்டுகளில் நடந்த தேசியக் குடும்ப நல ஆய்வின்படி, நம் தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயதுவரை உள்ள பெண்களுள் பாதிக்கு மேற்பட்டோர் இரத்தசோகை உடையவர்கள். நாள் முழுதும் நின்றுகொண்டே துணியைப் பார்த்து, மாலையில் மயங்கிச் சாயும் நம் பெண்மக்கள் இக்கணக்கினுள் அடங்குவர். மாதந்தோறும் இரத்தம் இழப்பவள் பெண். கருவைச் சுமப்பவளும் பாலூட்டுபவளும் பெண். இரும்புச்சத்து அவளுக்கே மிகுதியாக வேண்டும். நம் இல்லங்களிலோ ஈரல் துண்டு முதலில் ஆண்களின் தட்டுக்குச் செல்கிறது. "அவர் உழைக்கிறவர்" என்பர். அவள் உழைக்காதவளா? கம்பெனியிலும் உழைத்து வீட்டிலும் உழைப்பவள் அல்லவா?

குடும்பத் தலைவர்களே, உங்களிடம் ஒரு வேண்டுகோள். வரும் ஞாயிறு, கறி எவ்வளவாயினும் ஆகட்டும், கால் கிலோவே ஆகட்டும், எல்லாரும் ஒன்றாய் அமர்ந்து உண்ணுங்கள். தாயையும் அமரச் செய்யுங்கள். உண்ணுமுன் செபம் சொல்லி, கரண்டியை நீங்களே எடுத்துத் தலைக்கு இத்தனை துண்டு என்று எண்ணிப் பரிமாறுங்கள். பாஸ்கா இரவில் ஆளுக்கு அளவு கணக்கிட்டவர்களின் வழிவந்த நம்பிக்கை நம்முடையது. ஆளை எண்ணும்போது பெண்ணை விட்டுவிட்டு எண்ணும்படி அங்கே கூறப்படவில்லை.

தாய்மார்களே, உங்களுக்கும் ஒரு சொல். உங்கள் பங்கை விட்டுக்கொடுப்பதை அன்பென்று எண்ணுகிறீர்கள். உங்கள் மகள் அதைப் பார்த்தே வளர்கிறாள். நாளை அவளும் சட்டியை வழித்து உண்பாள். அவளுக்காகவேனும் உங்கள் தட்டில் ஒரு துண்டு இருக்கட்டும்.

விருந்தினர் முன் மதிப்புக் குறையும் என்று அஞ்சுவோருக்கு ஒன்று கூறுவேன். தவக்காலத்து வெள்ளிகளில் சுத்தபோசனம் காத்து, கறியை விரும்பியே விலக்குகிறோம். அன்று எவரும் வெட்கப்படுவதில்லை. கையில் பணமில்லாத ஞாயிறும் அத்தகைய நாளே என்று எண்ணி, கொள்ளுப் பருப்பும் முட்டையும் அன்போடு பரிமாறினால் வந்தவர் மனம் நிறைந்தே செல்வார். வட்டிக்கு வாங்கிய பணத்தில் வைத்த கறியை உண்டவர், அதனை அறிய நேர்ந்தால் அதுவே அவருக்குத் துன்பமாகும்.

நம் திருச்சபையில் ஒரு தந்தையின் பொறுப்பிலுள்ள மக்கள் கூட்டத்தைப் 'பங்கு' என்றே அழைக்கிறோம். பங்கிட்டு வாழ்வோர் என்ற பொருளும் அச்சொல்லில் அடங்கியிருப்பதாக நான் கருதுவதுண்டு. அடுத்த வீட்டில் வடநாட்டிலிருந்து வேலை தேடி வந்த இளைஞர்கள் வெறும் ரொட்டியும் உருளைக்கிழங்கும் தின்று படுத்திருக்கக்கூடும். கூறு போடும்போது அவர்களையும் கேட்டுப் பாருங்கள். ஒரு கூறு அவர்களும் எடுத்துக்கொள்ளலாம். இயலாதவர்களானால் ஒரு கிண்ணம் குழம்பு கொடுத்தனுப்புங்கள்.

இப்பகுதியைப் படித்தபின், உங்கள் வீட்டில் குறைந்த செலவில் செய்யும் ஞாயிற்றுக்கிழமைச் சமையல் ஏதேனும் இருப்பின், அன்பியக் கூட்டத்தில் மற்றவர்களுக்கும் சொல்லிக் கொடுங்கள். கற்றுக்கொள்ள விரும்பும் புதுமணத் தம்பதியர் பலர் உள்ளனர்.

நாசரேத்துத் திருக்குடும்பத்தின் ஆசீர் உங்கள் இல்லங்களிலும் அடுக்களைகளிலும் என்றும் தங்குவதாக. அடுத்த மாதம் மீண்டும் சந்திப்போம்.

அன்புடன்,
உங்கள் பங்குத்தந்தை,
பெருமாநல்லூர்